பழங் கடிகாரங்களும் அவற்றைத் தேடுவோரும்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ ஐம்பது அறுபது ஆண்டுகளாகக் குடியிருந்துவரும் ஒரு குடும்பத்தின் பழைய பீரோவைத் திறந்து பாருங்கள். நிலப்பத்திரங்களுக்கும் சாதகக் குறிப்புகளுக்கும் நடுவே, கைக்குட்டையில் சுற்றிவைத்த ஒரு கைக்கடிகாரம் அகப்படக்கூடும். அதன் முட்கள் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு நேரத்தில் நின்றுபோயிருக்கும். "தாத்தா கட்டியிருந்த கடிகாரம்" என்று வீட்டார் கூறுவர். எந்த ஆண்டு வாங்கியது, எங்கே வாங்கியது, என்ன விலை என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்தச் சிறு பொருளுக்குள் நம் நாட்டின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்று நான் சொன்னால், மாணவ நேயர்களுக்கு அது மிகைபோலத் தோன்றலாம். மிகையன்று என்பதைக் காட்டுவதே இப்பேச்சின் நோக்கம். விலையுயர்ந்த பழங் கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர் மேல்நாடுகளிலும் நம் நாட்டிலும் பலர் உளர். அவர்கள் படும் இடர்களை ஆராய்ந்தால், வரலாற்று மாணவன் சான்றுகளைத் தேடும்போது எதிர்ப்படும் இடர்களே அவை என்பது விளங்கும்.

முதலில் கடிகாரம் நம்மிடம் வந்த வழியைப் பார்ப்போம். பண்டைத் தமிழர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். நாழிகை வட்டிலைக் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் சங்க காலத்திலேயே இருந்தனர். ஆயினும், ஊருக்கு ஊர் உச்சிப்பொழுது வேறுபடுவதைப் பற்றி எவரும் கவலைகொண்டதில்லை. அக்கவலையைக் கொண்டுவந்தது இருப்புப்பாதை.

1792ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக்கூடத்தை நிறுவினர். அங்கே கருவியைத் தாங்க நாட்டிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன் இன்றும் அவ்விடத்திலே நிற்கிறது. 1802இல் அங்கிருந்த ஜான் கோல்டிங்காம் என்பார் சென்னையின் நேரத்தைக் கணித்தார். கிரீனிச்சு நேரத்தைவிட அது ஏறக்குறைய 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. அம்பத்தூர், ஆவடி வழியாக இன்று மின்சார இரயில் செல்லும் தடம் அதுவே. வண்டி குறித்த நேரத்திற்குப் புறப்பட வேண்டுமாயின், எல்லா நிலையங்களுக்கும் ஒரே நேரம் வேண்டுமன்றோ? இந்திய இரயில்கள் நெடுங்காலம் சென்னை நேரத்தையே பின்பற்றின. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னை நேரத்தின்படி நடந்துவந்தோர் தத்தம் கடிகாரத்தை ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே தள்ளவேண்டியிருந்தது.

இரயிலும் கச்சேரியும் படையும் வளர வளர, கடிகாரத்தின் தேவையும் வளர்ந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு சன்ஸ் என்னும் கடை புகழ்பெற்று விளங்கியது. கட்டடக் கலைஞர் சிஷோம் 1870களில் அதற்கென அமைத்த மாளிகையின் கோபுரக் கடிகாரம் அச்சாலையின் அடையாளமாயிற்று. பம்பாயில் சுவிட்சர்லாந்து வணிகர்கள் இடம்பிடித்தனர். 1737இல் தொடங்கிய மரபை உடைய ஃபாவர் லூபா நிறுவனத்தார் 1865இல் அங்கே கால் ஊன்றினர். வெஸ்ட் எண்டு வாட்ச் கம்பெனி 1886இல் தோன்றியது. அதன் 'சோவார்' என்னும் கடிகாரம் குதிரைவீரனின் பெயரைத் தாங்கிப் படைவீரர் பலரின் கையில் ஏறியது. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கில அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி அடிக்கடி உடைந்தமையால், முகப்பை உட்புறமாகத் திருப்பி மூடிக்கொள்ளத்தக்க 'ரிவெர்சோ' என்னும் கடிகாரம் 1931இல் உருவாயிற்று. மேல்நாட்டு உயர்குடிக் கடிகாரங்களுள் மிகப் புகழ்வாய்ந்த ஒன்று, நம் நாட்டு மண்ணில் பந்தடித்தவர்களின் தேவையால் பிறந்தது என்பது நினைக்கத்தக்கது.

இனி, இவற்றைத் தேடுவோரின் இடர்களுக்கு வருவோம்.

முதல் இடர் பெயரைப் பற்றியது. ஒரு பழைய பைக்கடிகாரத்தின் முகப்பில் "பி. ஆர் அண்டு சன்ஸ், சென்னை" என்று எழுதியிருக்கும். அது சென்னையில் செய்யப்பட்டது என்று முடிவு கட்டலாமா? கூடாது. அக்காலத்தில் பெருங் கடைக்காரர்கள் ஐரோப்பாவில் செய்த கடிகாரங்களை வரவழைத்து, முகப்பில் தங்கள் பெயரைப் பொறித்து விற்பது வழக்கம். உள்ளே இருக்கும் இயந்திரத்தைச் செய்தவன் ஒருவன், கூட்டைச் செய்தவன் மற்றொருவன், முகப்பைச் செய்தவன் வேறொருவன். ஒரு கடிகாரம் யாருடையது என்றறிய, பின்மூடியைத் திறந்து இயந்திரத்தின் முத்திரையையும் எண்ணையும் பார்க்க வேண்டும். கல்வெட்டில் ஓர் அரசன் பெயர் இருப்பதனாலேயே கோயில் முழுவதையும் அவன் கட்டினான் என்று கூறிவிட முடியாது; அதுபோன்றதே இதுவும்.

இரண்டாவது இடர் சட்டத்தின் வழியாக வந்தது. விடுதலைக்குப் பின்னர், அன்னியச் செலாவணி மிக அருமையாக இருந்த காலத்தில், அயல்நாட்டுக் கடிகாரங்களின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. ஆசை குறையவில்லை, ஆகவே கள்ளக்கடத்தல் பெருகிற்று. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123ஆம் பிரிவு என ஒன்று உண்டு. பொதுவாகக் குற்றம் சாட்டுவோரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சட்ட மரபு. ஆனால் கடத்தப்பட்டவை என்று நம்பத்தக்க காரணத்துடன் அதிகாரிகள் கைப்பற்றும் பொருள்கள் சிலவற்றில், அவை கடத்தப்பட்டவையல்ல என்று உடையவரே மெய்ப்பிக்க வேண்டும் என அப்பிரிவு விதித்தது. அப்பட்டியலில் தங்கத்தை அடுத்துப் பெயர் சொல்லி வைக்கப்பட்ட பொருள் கைக்கடிகாரம்! ஒரு காலத்தில் கடிகாரம் எத்தகைய பண்டமாக இருந்தது என்பதை இவ்வொரு செய்தியே காட்டும். கள்ள வழியில் வந்த பொருளுக்கு ரசீது ஏது? ஆகவே அக்காலத்துக் கடிகாரம் ஒன்றை இன்று வாங்குவோர், அது வந்த வழியை எழுத்துமூலம் அறிய இயலாது தவிக்கின்றனர்.

இதே காலத்தில்தான் நம் நாட்டுக் கடிகாரமும் பிறந்தது. 1961ஆம் ஆண்டு நம் மேற்குப் புறநகருக்கு நினைவிருக்க வேண்டிய ஆண்டு. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்ட ஆண்டு அது. அவ்வாண்டிலேயே அரசாங்கத்தின் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு, பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. எச்.எம்.டி. என்னும் மூன்றெழுத்து வீட்டுச் சொல்லாயிற்று. நாள்தோறும் சாவி கொடுக்கவேண்டிய 'ஜனதா' கடிகாரம், பெயருக்கேற்ப, பொதுமக்களின் கடிகாரமாயிற்று. சங்கு ஊதியதும் பணிக்குச் செல்லும் தொழிலாளியும், பள்ளியாசிரியரும், இரயில்வே ஊழியரும் அதனைக் கட்டினர். தேர்வில் தேறிய மகனுக்கும் திருமணத்தில் மாப்பிள்ளைக்கும் அதனையே அளித்தனர்.

மூன்றாவது இடர் எல்லாவற்றினும் பெரிது. அதுவே நம் சிந்தனைக்கு உரியது. பழங் கடிகாரம் சேர்ப்போரிடையே 'மும்பை ஸ்பெஷல்' என்று ஒரு வழக்கு உலகெங்கும் பரவியிருக்கிறது. முகப்புக்கு மீண்டும் வண்ணம் பூசி, எழுத்துகளைப் புதிதாக எழுதி, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றில் இணைத்து, பழையது என்று விற்கப்படும் கடிகாரத்திற்கே அப்பெயர். நம் நாட்டு நகரம் ஒன்றின் பெயர் இவ்வாறு வழங்குவது நமக்குப் பெருமையன்று.

ஆயினும் இதன் தோற்றத்தை நாம் நடுநிலையோடு ஆராய வேண்டும். இறக்குமதி தடைப்பட்ட காலத்தில், சுவிட்சர்லாந்துக் கடிகாரம் ஒன்று பழுதுபட்டால் மாற்று உறுப்பு கிடைப்பது அரிது. சாலையோரத்தில் கண்ணாடிப் பெட்டியின் முன் அமர்ந்து, ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு வேலை செய்த தொழிலாளி என்ன செய்வார்? உதவாது போன வேறொரு கடிகாரத்தின் சக்கரத்தைக் கழற்றி இதில் பொருத்துவார். முகப்புக் கறுத்திருந்தால், "புதியதுபோல் ஆக்கித் தாருங்கள்" என்று உடையவரே கேட்பார். அவரும் வண்ணம் பூசுவித்துத் தருவார். அதில் வஞ்சனை இல்லை. வறுமையிலும் தட்டுப்பாட்டிலும் ஒரு பொருளை ஓடவைத்த கைத்திறன் அது. அவ்வாறு மாற்றப்பட்டதை மறைத்து, "அன்று செய்தபடியே இருக்கிறது" என்று கூறி விற்ற நாளில்தான் குற்றம் பிறந்தது. பழுது பார்த்தவனின் தொண்டையும் பொய் கூறி விற்றவனின் செயலையும் ஒன்றாக எண்ணுவது முறையாகாது.

இவற்றைக் கண்டறிவது எங்ஙனம்? தொழிற்சாலையில் அச்சிட்ட முகப்பின் எழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது விளிம்பு தெளிவாகவும் அளவு ஒன்றாகவும் இருக்கும். மீண்டும் எழுதியதில் கோடு தடித்தும் மெலிந்தும் காணும். நிமிடக் கோடுகள் முள்ளின் நுனியோடு பொருந்தா. அறுபது ஆண்டு உழைத்த கூட்டின் விளிம்பு தேய்ந்திருக்க, முகப்பு மட்டும் நேற்றுப் பூத்த மலர்போல் இருந்தால் ஐயுறவேண்டும். கூட்டின் எண், இயந்திரத்தின் வகை, முகப்பின் அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சுட்டுகின்றனவா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு சான்றை மற்றொரு சான்றால் சோதிக்கும் இம்முறை, செப்பேடுகளை ஆராயும் அறிஞர்கள் கையாளும் முறையேயாகும்.

இத்தகைய புரட்டு நம் நாட்டிற்கே உரியது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெனீவா நகரில், 1957ஆம் ஆண்டுக்குரிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு ஏலம்போயிற்று. அதனை வாங்கியது ஒமேகா நிறுவனமே; தன் அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக வாங்கியது. பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கூட்டி உருவாக்கியது அது என்றும், தன் முன்னாள் ஊழியர் மூவருக்கு அதில் தொடர்பு உண்டு என்றும் 2023இல் அந்நிறுவனமே அறிவித்தது. செய்தவனே தன் கைப்பொருளை அறியாது ஏமாந்தான் என்றால், மற்றையோர் நிலையை என்னென்பது!

நான்காவது இடரைத் தருவது இயற்கை. கையால் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் பலவும் நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். ஒரு மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. ஓர் ஆண்டில் 15 கோடிக்கு மேல். இவ்வளவு உழைப்பையும் சிறு துளி எண்ணெயே தாங்குகிறது. அவ்வெண்ணெய் சில ஆண்டுகளில் உலர்ந்து பிசினாகிவிடும். அப்படியே ஓட்டினால் உலோகம் தேயும். நம் சென்னையின் கடற்காற்றிலுள்ள ஈரம் எஃகு உறுப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும். முகப்பில் புள்ளி புள்ளியாகக் கறை தோன்றும்.

இங்கே ஒரு வியப்பான செய்தி. கடிகாரத்தின் துடிப்பை ஒழுங்குசெய்யும் நெம்புகோலில் இரண்டு சிறு மாணிக்கக் கற்கள் பதிந்திருக்கும். அவற்றை ஒட்டிவைப்பது அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் தருகின்ற அதே அரக்கு. அரக்கு சாராயத்தில் கரையும். இதனை அறியாத ஒருவர், அழுக்குப் போக வேண்டுமென்று அவ்வுறுப்பைச் சாராயத்தில் ஊறவைத்தால், கற்கள் கழன்றுவிடும், கடிகாரம் நின்றுவிடும். நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று எது?

மற்றொன்றும் சொல்லவேண்டும். இருளில் ஒளிரும்படி முற்காலத்துக் கடிகாரங்களின் எண்களில் ரேடியம் கலந்த பூச்சைப் பூசினர். அமெரிக்காவில் தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கி அப்பூச்சைத் தீட்டிய இளம் பெண்கள் பலர் 1920களில் கொடிய நோய்க்கு ஆளாகி மாண்டனர். அத்தகைய முகப்பு இன்று ஒளிராமல் இருக்கலாம். ஒளிரும் வேதிப்பொருள் நலிந்துவிட்டது, ரேடியம் நலியவில்லை. அதன் ஆற்றல் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் வேண்டும். ஆகவே அத்தகைய பழைய முகப்பைச் சுரண்டுவதோ வீட்டில் திறந்து பார்ப்பதோ ஆகாது.

ஐந்தாவது இடர், கைகள் அருகிப்போனமை. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானியச் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. மின்கலத்தால் படிகம் ஒன்றை அதிரச் செய்து நேரம் காட்டும் கடிகாரம் அது. படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும் வகையே பின்னர் எங்கும் நிலைத்தது. சாவிக் கடிகாரம் நாளொன்றுக்கு அரை நிமிடம் பிசகினும் பொறுத்துக்கொண்ட உலகம், மாதத்திற்குச் சில நொடியே பிசகும் கடிகாரத்தைக் குறைந்த விலைக்குக் கண்டது. சுவிட்சர்லாந்தில் பல்லாயிரவர் வேலை இழந்தனர். நம் தமிழகத்தில் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் நாடெங்கும் பரவின. முன்னர்க் கூறிய ஃபாவர் லூபாவைக்கூட 2011இல் டைட்டன் வாங்கி, பின்னர் அது வேறு கைக்கு மாறியது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016ஆம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், அதுவரை எச்.எம்.டி. கடிகாரத்தைப் பொருட்படுத்தாதவரும் அதனைத் தேடிப் புறப்பட்டனர். மக்களின் கடிகாரமாகப் பிறந்த ஜனதா, சேகரிப்போரின் கடிகாரமாயிற்று. ஆனால் அதனைப் பழுது பார்க்கும் தொழிலாளி அருகிவருகிறார். நூறு ரூபாய்க்கு மின்கலம் மாற்றும் தொழிலை மட்டுமே நம்பி வாழவேண்டிய நிலையில், சாவிக் கடிகாரத்தின் நுட்பத்தைத் தன் மகனுக்குக் கற்பிக்க அவர் விரும்புவதில்லை. கடிகாரத்தைத் தேடி ஆயிரம் ஆயிரமாகச் செலவிடும் அன்பர், அதனை ஓடவைக்கும் கைக்கு உரிய கூலி தரத் தயங்குவாராயின், சில ஆண்டுகளில் அவர் பெட்டியில் இருப்பன யாவும் நின்றுபோன கடிகாரங்களாகவே இருக்கும். எல்லா இடர்களிலும் இதுவே திரும்பப் பெறமுடியாத இழப்பு என்பது என் கருத்து.

கடைசியாக ஒரு கேள்வி. கடிகாரத்தின் மதிப்பு எதில் இருக்கிறது? 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் நகரில் காந்தியடிகளின் பைக்கடிகாரம் ஒன்று, அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் ஆகியவற்றோடு 18 லட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று. அக்கடிகாரத்தில் பொன்னும் மணியும் அத்தனை விலைக்கு இல்லை. நொடியையும் வீணாக்காத ஒரு வாழ்வோடு அது இணைந்திருந்தது. அவ்விணைப்பிற்குச் சான்றும் இருந்தது. அதுவே அதன் விலை. சான்று இல்லையாயின் அதுவும் பழைய பைக்கடிகாரம் ஒன்றே.

இதனை உணர்ந்தால், உங்கள் வீட்டுப் பீரோவிலுள்ள கடிகாரத்திற்கு நீங்கள் செய்யவேண்டியது என்ன என்பது விளங்கும். மெருகேற்ற வேண்டா, முகப்புக்கு வண்ணம் பூச வேண்டா. முதலில் ஒரு தாளை எடுங்கள். பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் சென்று அமருங்கள். இது யாருடையது, எந்த வேலையில் இருந்தபோது வாங்கினார், எந்தக் கடையில், எத்தனை மாதச் சேமிப்பில், யார் யார் கைக்கு மாறியது என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். எழுதிய நாளையும் குறியுங்கள். நினைவில் இல்லை என்று அவர்கள் சொன்னால் அதனையும் அவ்வாறே எழுதுங்கள். உங்கள் ஊகத்தால் இட்டு நிரப்பாதீர்கள். அத்தாளைக் கடிகாரத்தோடு மடித்து வையுங்கள். அதன் பின்னர், வேலை தெரிந்த ஒருவரைத் தேடிச் சென்று, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, அதனைத் துடைத்து எண்ணெயிடச் செய்யுங்கள்.

சாவி கொடுத்ததும் அது மீண்டும் துடிக்கத் தொடங்கும். அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே காலைச் சங்குக்கு விரைந்த ஒருவரின் வாழ்க்கை, அந்தத் தாள் இருக்கும்வரை மறக்கப்படாது.